சிறுநீரகத்தின் கணக்கும் மருந்தின் அளவும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)

 

கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். கல்வியின் சிறப்பைப் பொதுவாக எடுத்துரைப்பதைவிட, ஒரே ஒரு கணக்கை உங்கள் முன் வைத்து, அக்கணக்கு ஓர் உயிரை எவ்வாறு தாங்கி நிற்கிறது என்று காட்டுவது பயனுடையது எனக் கருதினோம். புற்றுநோயாளி ஒருவருக்கு மருந்து ஏற்றுவதற்கு முன், அவருடைய சிறுநீரகங்கள் எவ்வளவு வேலை செய்கின்றன என்று மதிப்பிடும் கணக்கே அது.

இந்நோயால் வாடிய இல்லங்கள் நம் தெருக்களிலும் உண்டு. கீமோதெரபி என வழங்கும் மருந்துச் சிகிச்சைக்காக விடியற்காலையில் பேருந்தேறிச் சென்று, “இரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும், அதுவரை மருந்து ஏற்ற இயலாது” என்ற சொல்லைக் கேட்டு, காரணம் அறியாமல் மருத்துவமனை நடைபாதையில் நாள் முழுதும் அமர்ந்திருந்தவர்கள் இவ்வவையிலும் இருக்கக்கூடும். அந்தக் காத்திருப்பின் பொருள் என்ன என்பதையே இன்று விளக்க முற்படுகிறோம்.

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் ‘மருந்து’ என்பதை மாணவர்கள் அறிவர். மருத்துவன் நோயின் அளவை மட்டுமன்றி நோயுற்றவரின் அளவையும் கருத வேண்டும் என்னும் எண்ணம் அவ்வதிகாரத்திலேயே இடம்பெற்றுள்ளது. நோயுற்றவரின் அளவை அறிவது எங்ஙனம்? யாருடைய உடலை அளவுகோலாகக் கொண்டு அறிவது? இவ்விரு வினாக்களே நம் உரையின் உட்பொருள்.

சிறுநீரகம் செய்யும் பணி

மனித உடலில் இரண்டு சிறுநீரகங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. நலமுள்ள இளைஞர் ஒருவரின் சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 125 மில்லிலிட்டர் நீர்மத்தை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. ஒரு நாளைக்குக் கணக்கிட்டால் இது 180 லிட்டராகும். அதில் பெரும்பகுதியை உடல் மீண்டும் உறிஞ்சிக் கொள்ள, ஒன்று அல்லது இரண்டு லிட்டர் மட்டுமே சிறுநீராக வெளியேறுகிறது. ஒரு நிமிடத்தில் வடிக்கப்படும் இந்த அளவையே ‘வடிகட்டும் வீதம்’ என்கிறோம். முதுமையிலும், நீரிழிவு, இரத்தக் கொதிப்பு முதலிய நோய்களாலும் இவ்வீதம் குறையும்.

நாம் உட்கொள்ளும் மருந்துகள் பல, தம் வேலை முடிந்ததும் இவ்வழியாகவே வெளியேறுகின்றன. புற்றுநோய் மருந்துகளுள் சிஸ்பிளாட்டின், கார்போபிளாட்டின், மெத்தோட்ரெக்சேட், பிளியோமைசின் முதலியவை அத்தகையன. வீட்டில் மாத்திரையாக உண்ணும் கேப்பிசிட்டபைன் என்னும் மருந்தைக்கூட, வடிகட்டும் வீதம் 30க்கும் 50க்கும் இடைப்பட்டால் முக்கால் பங்காகக் குறைத்தும், 30க்குக் கீழ் சென்றால் அறவே நிறுத்தியும் வைக்குமாறு விதி இருக்கிறது.

காய்ச்சலுக்கு உண்ணும் மாத்திரையில் சிறிது கூடினாலும் குறைந்தாலும் பெரும்பாலும் தீங்கில்லை. புற்றுநோய் மருந்தின் நிலை வேறு. நோயை அழிக்கும் அளவிற்கும் உடலைக் குலைக்கும் அளவிற்கும் இடையே உள்ள வரப்பு மிகவும் ஒடுக்கமானது. அளவு மிகுந்தால் எலும்பு மஜ்ஜை வலுவிழந்து, வெள்ளணுக்களும் தட்டணுக்களும் சரிந்து, சாதாரணக் கிருமியும் உயிரைப் பறித்துவிடும். அளவு குறைந்தாலோ, நோயாளி துன்பமின்றி இருப்பது போலத் தோன்றும். ஆனால் நோய் உள்ளே பிழைத்துக் கொள்ளும். குறைத்துக் கொடுப்பதே கருணை என எண்ணிவிடலாகாது.

பிளாட்டினம் தந்த மருந்து

1965ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பர்க் என்னும் அறிஞர், மின்புலத்தில் பாக்டீரியாக்கள் எவ்வாறு வளர்கின்றன என்று ஆராய்ந்து கொண்டிருந்தார். பிளாட்டினத் தகடுகளின் வழியே மின்சாரம் செலுத்தியபோது, பாக்டீரியாக்கள் பிளவுபடாமல் நூல்போல் நீண்டன. மின்சாரம் அதற்குக் காரணமன்று, தகட்டிலிருந்து கரைந்த பிளாட்டினச் சேர்மமே காரணம் என்று அவர் கண்டார். உயிரணுப் பிளவைத் தடுக்கும் பொருள் புற்றுநோயையும் தடுக்கக்கூடும் அன்றோ? அவ்வழியில் வந்த சிஸ்பிளாட்டின் 1978இல் அமெரிக்க அரசின் ஒப்புதலைப் பெற்றது. ஆயினும் அது சிறுநீரகத்தையே தாக்கும் இயல்புடையது. ஆகவே மருந்துக்கு முன்னும் பின்னும் நோயாளிக்கு நிறைய நீர் ஏற்ற வேண்டியிருக்கிறது.

சிறுநீரகத்திற்கு அத்துணைக் கேடு செய்யாத உறவுப்பொருளாக இங்கிலாந்தில் உருவாக்கப்பட்டதே கார்போபிளாட்டின். சினைப்பைப் புற்றுநோய், நுரையீரல் புற்றுநோய் முதலியவற்றிற்கு இன்றும் இது பெரிதும் பயன்படுகிறது. இம்மருந்தின் பெரும்பகுதி மாற்றமடையாமல் சிறுநீரகத்தின் வழியே வெளியேறுகிறது. எனவே சிறுநீரகம் நன்கு இயங்குபவருக்கு ஓர் அளவும், தளர்ந்தவருக்கு வேறோர் அளவும் கொடுத்தால்தான் இருவர் இரத்தத்திலும் மருந்து ஒரே அளவாக நின்று பணியாற்றும்.

1989இல் ஹிலாரி கால்வர்ட் என்னும் ஆங்கிலேய மருத்துவரும் அவருடைய குழுவினரும் இதற்கு ஒரு வாய்பாட்டை வெளியிட்டனர். 18 நோயாளிகளின் அளவுகளிலிருந்து அதை வகுத்து, பின்னர் 31 நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தனர். எட்டாம் வகுப்பு மாணவரும் போடத்தக்க கணக்கு அது. வடிகட்டும் வீதத்தோடு 25ஐக் கூட்டுக. வந்த தொகையை, மருத்துவர் விரும்பும் இலக்கு எண்ணால் பெருக்குக. கிடைப்பதே மில்லிகிராம் கணக்கில் மருந்தின் அளவு. இலக்கு எண் என்பது, மருந்து இரத்தத்தில் எவ்வளவு செறிவாக எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதைக் குறிப்பது. வழக்கமாக 4, 5, 6 என அமையும். 25 என்பது சிறுநீரகமல்லாத பிற வழிகளில் மருந்து நீங்கும் வீதம்.

கணக்கு எளிது. அதில் வைக்கும் எண்ணைப் பெறுவதே அரிது. கால்வர்ட் குழுவினர் கதிரியக்கப் பொருளைச் சிறிதளவு உடலில் செலுத்தி, வடிகட்டும் வீதத்தை நேரடியாகவே அளந்தனர். எல்லா ஊர்களிலும், எல்லா நோயாளிகளுக்கும், ஒவ்வொரு முறையும் அவ்வாறு அளக்க இயலுவதில்லை. எனவே இரத்தத்தில் உள்ள ஒரு பொருளைக் கொண்டு வீதத்தை மதிப்பிடுகின்றனர். அப்பொருளின் பெயர் கிரியாட்டினின்.

ஏரியும் மதகும்

நம் தசைகள் ஆற்றலைச் செலவிடும்போது கழிவாக நாள்தோறும் உண்டாவது கிரியாட்டினின். அதைச் சிறுநீரகம் வடித்து வெளியேற்றுகிறது. சிறுநீரகம் தளர்ந்தால் இரத்தத்தில் அதன் அளவு உயரும். 1886இல் மாக்ஸ் யாஃபே என்னும் ஜெர்மானியர், பிக்ரிக் அமிலத்தோடு சேரும்போது இப்பொருள் தரும் நிறமாற்றத்தைக் கண்டறிந்தார். அவர் கண்ட முறையின் வழிவந்த சோதனையே இன்றும் பல ஆய்வகங்களில் நடைபெறுகிறது.

இதனை ஓர் ஏரியாக எண்ணிக் கொள்வோம். வரத்து வாய்க்கால் நம் தசை. மதகு நம் சிறுநீரகம். ஏரியின் நீர்மட்டம் இரத்தத்தில் உள்ள கிரியாட்டினின். நீர்மட்டம் தாழ்ந்திருந்தால் மதகு நன்றாகத் திறந்திருக்கிறது என்று கொள்ளலாம். ஆனால் வரத்து வாய்க்கால் வறண்டிருந்தாலும் நீர்மட்டம் தாழ்ந்தே இருக்கும் அன்றோ? உடலில் தசை குறைந்தவர்க்கு, சிறுநீரகம் பழுதுற்றிருந்தாலும் கிரியாட்டினின் குறைவாகவே காணப்படும். பரிசோதனைத் தாளில் ‘இயல்பு’ என்று அச்சாகும். நோயால் மெலிந்தவர், முதியவர், வயிறார உண்ண வழியின்றி வளர்ந்தவர் ஆகிய அனைவர்க்கும் இவ்வேமாற்றம் நேரக்கூடும். அன்றியும், சிறுநீரகம் தன் ஆற்றலில் பாதியை இழந்த பின்னரே கிரியாட்டினின் இயல்பு வரம்பைத் தாண்டுவதும் உண்டு.

இக்குறையை நீக்கவே வயது, எடை, பால் ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிடும் வாய்பாடுகள் எழுந்தன. அவற்றுள் புகழ்பெற்றது, 1976இல் கனடா நாட்டைச் சேர்ந்த காக்கிராஃப்ட், கால்ட் என்னும் இருவர் வெளியிட்டது. 140இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, கிரியாட்டினினின் 72 மடங்கால் வகுக்க வேண்டும். பெண்ணாயின் விடையை 0.85ஆல் பெருக்க வேண்டும். அவர்கள் ஆராய்ந்தது 249 பேரை. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். பெண்களுக்குத் தசை குறைவு என்னும் கருத்தால் 15 விழுக்காடு குறைக்கப்பட்டதேயன்றி, பெண்கள் பலரை அளந்து கண்ட முடிவன்று அது. அவ்வாய்பாடே உலகெங்கும் பெண்களுக்கும் மருந்தளவைக் கூறி வருகிறது.

ஒரு தாய், நான்கு அளவுகள்

இனி ஓர் எடுத்துக்காட்டு. 60 வயதுடைய ஒரு தாயை எண்ணிக் கொள்வோம். எடை 45 கிலோ, உயரம் 150 சென்டிமீட்டர், கிரியாட்டினின் 0.6. மருத்துவர் கொண்ட இலக்கு எண் 5.

இன்று ஆய்வகத் தாள்களில் வடிகட்டும் வீதமும் சேர்ந்தே அச்சாகி வருகிறது. 2021இல் வெளியான புதிய வாய்பாட்டின்படி இத்தாய்க்கு 103 என்று அச்சாகும். அதை அப்படியே கால்வர்ட் கணக்கில் வைத்தால் மருந்து 640 மில்லிகிராம்.

ஆனால் அந்த 103 என்னும் எண் இத்தாயின் எண்ணன்று. 1.73 சதுர மீட்டர் மேற்பரப்புடைய உடலுக்கு எவ்வளவு என்று மாற்றிக் கூறிய எண் அது. 1.73 என்பது எங்கிருந்து வந்தது? 1920களில் அமெரிக்காவில் வாழ்ந்த 25 வயதுடையோரின் சராசரி உடற்பரப்பு அது. நாம் சொன்ன தாயின் உடற்பரப்பு ஏறத்தாழ 1.37 சதுர மீட்டர்தான். அவருடைய உடலுக்கேற்ப மாற்றினால் வீதம் 81 ஆகும். மருந்து 530 மில்லிகிராம் ஆகும். சிறுநீரக நோயின் நிலையை ஒப்பிட்டுப் பார்க்க முதல் எண் உதவும். மருந்தளவிற்கு அதை அப்படியே எடுத்தால், சிற்றுடலுக்குப் பேருடலின் மருந்து போய்ச் சேரும்.

காக்கிராஃப்ட், கால்ட் வாய்பாட்டின்படி கணக்கிட்டால் வீதம் 71. மருந்து 480 மில்லிகிராம். மெலிந்த உடலில் 0.6 என்னும் அளவை நம்ப இயலாது என்று, 0.7க்குக் குறைந்த எந்த அளவையும் 0.7 என்றே கொள்ளும் மருத்துவர்களும் உண்டு. அவர்கள் கணக்கில் வீதம் 61; மருந்து 430 மில்லிகிராம். இவ்வாறு உயர்த்திக் கொள்வது முறையா என்பதில் வல்லுநர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு இருக்கிறது.

தாய் ஒருவர், இரத்தம் ஒன்று, நோய் ஒன்று. அளவுகளோ 640, 530, 480, 430 என நான்கு. இதனைக் கண்டு மருத்துவத்தையே ஐயுற வேண்டா. மதிப்பீடு என்பது மதிப்பீடே என்று உணர்ந்த மருத்துவர்கள், நோயாளியின் உடலை நேரில் கண்டு, முந்தைய முறை வெள்ளணுக்கள் எவ்வளவு சரிந்தன என்று பார்த்து, தேவையாயின் கதிரியக்கப் பொருளைக் கொண்டோ 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்தோ அளந்து முடிவு செய்கின்றனர். தசையைச் சாராத சிஸ்டாட்டின் சி என்னும் மற்றொரு பொருளை அளக்கும் முறையும் வந்துள்ளது. எனினும் கீமோவோடு கொடுக்கப்படும் ஸ்டீராய்டு மருந்துகள் அதன் அளவை உயர்த்திவிடும். குறையே இல்லாத அளவுகோல் இன்னும் கைக்கு எட்டவில்லை.

அளவுகோல் மாறினாலும் ஆபத்து உண்டு. கிரியாட்டினினை அளக்கும் முறையை ஆய்வகங்கள் ஒரே தரத்திற்குக் கொண்டு வந்தபோது, பலருடைய அளவுகள் முன்னிலும் சற்றுக் குறைவாகத் தெரிந்தன. சிறுநீரகம் மாறவில்லை, எண் மட்டும் மாறியது. அதனால் மருந்து மிகுந்துவிடும் என்று கண்ட அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, 2010இல், மதிப்பிட்ட வீதம் எவ்வளவாயினும் 125க்கு மேல் கொள்ளலாகாது என்று வரம்பிட்டது. அதன்படி இலக்கு எண் 5 ஆயின் 750 மில்லிகிராமும், 6 ஆயின் 900 மில்லிகிராமும் மேல் எல்லையாகும்.

பிறப்பைக் கேட்ட கணக்கு

அன்பர்களே, இவ்விடத்தில் நாம் அனைவரும் கருதிப் பார்க்க வேண்டிய வரலாறு ஒன்று உண்டு.

1999இல் அமெரிக்காவில் வெளியான ஒரு வாய்பாடும், 2009இல் வந்த அதன் வழித்தோன்றலும், வயதையும் பாலையும் கேட்டதோடு நில்லாமல், ‘நோயாளி கறுப்பினத்தவரா?’ என்றும் கேட்டன. ‘ஆம்’ என்றால் விடையைப் பெருக்கி உயர்த்தின. 2009ஆம் ஆண்டு வாய்பாட்டில் இவ்வுயர்வு ஏறத்தாழ 16 விழுக்காடு. கறுப்பின மக்களுக்குத் தசை மிகுதி என்பது அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. மெலிந்தவரா, பருத்தவரா, முதியவரா, நோயால் வற்றியவரா என்று நோக்காமல், ஓரினத்தார் அனைவர்க்கும் ஒரே பெருக்கல் எண்.

இதன் விளைவைக் கேளுங்கள். அந்நாட்டில் மாற்றுச் சிறுநீரகம் வேண்டிக் காத்திருப்போர் பட்டியலில், வீதம் 20 அல்லது அதற்குக் குறைவாக வந்த நாளிலிருந்து காத்திருப்புக் காலம் கணக்கிடப்படும். இனத்தைக் கேளாமல் கணக்கிட்டால் 18 வரும் ஒருவருக்கு, கறுப்பினத்தவர் என்ற ஒரே காரணத்தால் 21 என்று தாளில் வரும். அவருடைய காத்திருப்பு தொடங்கவே தொடங்காது. மருத்துவர் எவரும் அவரை இழித்துரைத்திருக்க வேண்டியதில்லை. கணக்கே அவரைப் பின்னுக்குத் தள்ளியது.

மருத்துவ மாணவர்களும் ஆய்வாளர்களும் இதனை எதிர்த்து வினவினர். 2021இல் அமெரிக்கச் சிறுநீரக அமைப்புகள் இரண்டு சேர்ந்து அமைத்த குழு, இனத்தைக் கேளாத புதிய வாய்பாட்டைப் பரிந்துரைத்தது. 2022இல் உறுப்பு மாற்றுக்கான தேசிய அமைப்பு, இனம் சார்ந்த கணக்கைத் தடை செய்தது. 2023 முதல், பழைய கணக்கால் காலம் இழந்த கறுப்பின நோயாளிகளுக்கு அக்காலத்தைத் திருப்பிச் சேர்க்கும் பணி தொடங்கி, ஆயிரக்கணக்கானோர் அதனால் பயனடைந்தனர்.

பிறப்பைக் கொண்டு மனிதனை அளக்கும் கொடுமையைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள் நாம். ஆகவே இவ்வரலாறு நமக்கு எளிதில் விளங்கும். ஆயினும் உணர்ச்சியோடு நின்றுவிடாமல் ஒரு படி மேலே சென்று எண்ண வேண்டும். புற்றுநோய்ச் சிகிச்சையில் இம்மாற்றம் இரு பக்கமும் கூர்மை உடையது. பழைய கணக்கு வீதத்தை உயர்த்திக் காட்டியதால் மருந்து மிகுதியாகப் போக இடமிருந்தது. புதிய கணக்கில் வீதம் குறைந்து தெரிவதால், மருந்து குறைந்து போகவும், வீதம் 60 இருந்தால்தான் சிஸ்பிளாட்டின் தரலாம் என்று விதியுள்ள இடங்களில் அம்மருந்தே மறுக்கப்படவும் கூடும். எனவே ஒரு குழுவைப் பற்றிய ஊகத்தை நீக்கியதோடு நீதி முடிந்துவிடுவதில்லை. எதிரே இருக்கும் மனிதரை அளந்து அறிவதே நீதி.

நம் நாட்டு மருத்துவமனைகளில் பயன்படும் வாய்பாடுகள் சாதியைக் கேட்பதில்லை. உண்மையே. ஆனால் அவை தசையைக் கேட்கின்றன. குழந்தைப் பருவத்தில் பாலும் பருப்பும் கிட்டாத உடலில், பிள்ளைகளுக்கு ஊட்டிவிட்டு எஞ்சியதை உண்டு வாழ்ந்த தாயின் உடலில், தசை எங்கிருந்து வரும்? சமன்பாட்டில் சாதி இல்லை, பசி இருக்கிறது. மேலை நாட்டு உடல்களை வைத்து வகுத்த வாய்பாடுகள் இந்தியர்களின் வீதத்தை உண்மையினும் உயர்த்திக் காட்டுவதாக இங்கு நடந்த ஆய்வுகள் சில கூறியிருப்பதும் கருதத்தக்கது.

நாம் செய்யத்தக்கவை

கணக்கை நாமே போட்டுக் கொண்டு மருத்துவரோடு வழக்காட வேண்டும் என்பது நம் கருத்தன்று. ஆனால் அக்கணக்கில் நுழையும் எண்களுள் சில நம் கையில் உள்ளன. அவற்றைச் சரியாகத் தருவது நம் கடமை.

முதலாவது வயது. நம் முதியோரிடம் வயதைக் கேட்டால், “தனுஷ்கோடியைக் கடல் கொண்ட ஆண்டில் நான் நடை பழகினேன்” என்பார்கள். அது 1964 என்று நாம் கணக்கிட்டுக் கொள்ள வேண்டும். பள்ளியில் சேர்த்த நாளில் ஆசிரியர் குத்துமதிப்பாக எழுதிய பிறந்த நாளே பலருக்கு ஆவணமாக நிற்கிறது. முன்னர்ச் சொன்ன தாயின் உண்மை வயது 68 ஆயின், காக்கிராஃப்ட் கணக்கில் வீதம் 71 என்பது 64 ஆகும். மருந்து 480 என்பது 445 ஆகும். அட்டையில் உள்ள வயது தவறென்று தெரிந்தால், மருத்துவரிடம் அதைச் சொல்லத் தயங்க வேண்டா. அட்டைக்கு மருந்து ஏற்றுவதில்லை, உடலுக்கே ஏற்றுகின்றனர்.

இரண்டாவது எடை. “எவ்வளவு எடை அம்மா?” என்று கேட்டதும், நலமாக இருந்த நாளில் பார்த்த 52 கிலோவைச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் 45 ஆகியிருந்தால், அவ்வொரு சொல்லால் மருந்து 480இலிருந்து ஏறத்தாழ 535 ஆகிவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் எடைப் பொறியில் ஏறி நிற்க வேண்டும். வயிற்றிலோ காலிலோ நீர் கோத்திருந்தால் அதனையும் சொல்ல வேண்டும். அந்நீரின் எடை தசையின் எடையன்று.

மூன்றாவது, உட்கொள்ளும் மருந்துகள். மூட்டு வலிக்கும் உடல் வலிக்கும் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் போன்றவை சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். இன்னதென்று அறியாத பொடிகளும் பற்பங்களும் அவ்வாறே. அவற்றை உண்டிருந்தால் மறைக்கலாகாது. ஏசுவார்களோ என்ற அச்சத்தால் மறைத்த ஒன்று, தாளில் வராத நஞ்சாக நிற்கும்.

நான்காவது, இடைப்பட்ட நாட்களின் நிகழ்ச்சிகள். வாந்தி, வயிற்றுப்போக்கு, நீர் அருந்த இயலாமை, சிறுநீர் குறைதல் ஆகியவை நேர்ந்தால் அடுத்த தவணை வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு வாரத்திற்கு முந்தைய பரிசோதனை, நேற்று வற்றிய சிறுநீரகத்தைக் காட்டாது. மருந்து ஏற்றும் நாளில் மீண்டும் இரத்தம் எடுப்பது நம்மை அலைக்கழிப்பதற்காக அன்று, இதற்காகவே.

ஐந்தாவது, தாள்களைப் பேணுதல். பரிசோதனைத் தாள்களை நாள் வரிசையில் ஒரு கோப்பில் வைத்துக் கொண்டு, இயன்றவரை ஒரே ஆய்வகத்தில் பரிசோதிப்பது நலம். “ஐயா, என் சிறுநீரகம் இம்முறை எவ்வளவு வேலை செய்கிறது? சென்ற முறையைவிடக் குறைந்திருக்கிறதா?” என்று பணிவோடு கேட்கலாம். கேட்பது அவமதிப்பன்று. நம் முன்னோர் கேட்க உரிமை இல்லாதவர்களாக நிறுத்தப்பட்டிருந்தனர். நமக்கு அவ்வுரிமை உண்டு. அதனைப் பயன்படுத்தும் அறிவும் வேண்டும்.

இளைஞர்களுக்கு

மாணவ மாணவியரே! உங்கள் தாயாரோடு மருத்துவமனைக்குச் செல்லும்போது, அந்தத் தாளைப் படித்துச் சொல்லக் கூடியவர் வீட்டில் நீங்கள் ஒருவராகவே இருக்கலாம். எடை எழுதப்பட்டதா, வயது சரியா, பழைய தாள் இருக்கிறதா என்று பார்ப்பதற்குப் பெரும் பட்டம் வேண்டியதில்லை. கழித்தலும் பெருக்கலும் அறிந்தால் போதும்.

ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். மருத்துவர் ஆவது ஒன்றே வழி என்று எண்ணி, அது கிட்டாவிடில் சோர்ந்துவிடுவோர் பலர். மருந்தின் அளவைச் சரிபார்க்கும் மருந்தாளுநர், இரத்தத்தை அளக்கும் ஆய்வக நுட்பநர், எடையைக் குறித்து மருந்தை ஏற்றும் செவிலியர், ஆய்வின் எண்களைத் தொகுக்கும் புள்ளியியலாளர் ஆகிய ஒவ்வொருவரும் இக்கணக்கின் ஒரு பகுதியைக் கையில் வைத்திருக்கின்றனர். அவ்விடங்களில் எல்லாம் நம் பிள்ளைகள் அமர வேண்டும். பள்ளியில் வயதைக் குத்துமதிப்பாக எழுதினால் பின்னாளில் என்ன நேரும் என்று அறிந்தவர், எழுதும் முன் இன்னொரு முறை கேட்பார்.

2017இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஆய்வாளர்கள், வீதம் நேரடியாக அளக்கப்பட்ட 2,400க்கும் மேற்பட்ட நோயாளிகளின் அளவுகளைக் கொண்டு, புற்றுநோய் மருந்தளவிற்கெனவே ஒரு புதிய வாய்பாட்டை வகுத்தனர். புற்றுநோயாளியின் உடலை அறியப் புற்றுநோயாளிகளையே அளந்தது அதன் சிறப்பு. நம் வயல்களிலும் செங்கல் சூளைகளிலும் உழைத்துத் தேய்ந்த உடல்களை, அவர்கள் முழுதும் அறிந்து இசைந்த பின், மதிப்போடு அளந்து வகுக்கும் வாய்பாடு எப்போது வரும்? அதனை வகுப்பவர் இம்மன்றத்தில் இருந்து எழுந்தால் இச்சங்கத்தின் பொன்விழாவிற்கு அதைவிடச் சிறந்த அணி வேறில்லை.

எண்ணப்படாதவரின் அளவு பிறருடைய ஊகமாகவே இருக்கும். நம்மை நாமே அளந்து அறியும் நாள் வரையில், நம் தாய்மார்களின் எடையையும் வயதையும் பழைய தாள்களையும் சரியாக எடுத்துச் செல்வோம். இன்றிரவு வீடு திரும்பியதும், வீட்டில் உள்ள முதியோரிடம் அமர்ந்து அவர்களுடைய உண்மை வயதைக் கேட்டு எழுதி வைப்போம். அது சிறு செயலாகத் தோன்றலாம். ஆயினும் ஒரு நாள் அந்த எண்ணே அவர்களுக்கு உரிய மருந்தை உரிய அளவில் கொண்டு சேர்க்கும்.